99.2 பர்சன்டைல்னா 297.6 மார்க்காமுங்க!

மஞ்சமண்டி_ஈரோடு: நேத்து வாட்சப் குரூப்ல கூடுதுறை அண்ணன் ஒரு கணக்குப் போட்டாருங்க. பெருந்துறை ரோட்டுல ஒரு கோச்சிங் சென்டர் பிளக்ஸ்ல "ஜேஇஇ மெயின் 99.2 பர்சன்டைல்"னு பாத்தாராம், அது என்ஐடி மாதிரி காலேஜுக்கான இஞ்சினீரிங் நுழைவுத்தேர்வுங்க. உடனே மொத்த மார்க் 300-ல 99.2 சதவீதம் போட்டு, "பையன் 297.6 மார்க்"னு ஊருக்கே சொல்லிப்போட்டாரு. அந்தப் புள்ளி ஆறு மார்க்கை எந்த வாத்தியாருங்ணா போட்டாரு?

கூடுதுறை_பவானி: நான் பத்து வருசமா பேங்க்ல கணக்குப் பாத்தவன். நூத்துக்கு 99.2-ன்னா முன்னூத்துக்கு 297.6 தான். மஞ்சளை எடைபோடறவங்க எனக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டாம்.

மஞ்சமண்டி_ஈரோடு: மஞ்சளை எடைபோட்டாலும் தராசைப் பாத்துப் போடறமுங்க. மொத்தம் 75 கேள்வி. சரியா இருந்தா 4, தப்பா இருந்தா 1 போயிரும். ஒண்ணை விட்டா 296. ஒண்ணு தப்பாப் போட்டா 295. 297-ங்கற மார்க்கே அந்தப் பரிச்சையில கிடையாதுங்க, அப்புறம் எங்க 297.6?

அன்னூர்_அம்மணி: அண்ணா, பர்சன்டைல்னா அந்த ஷிப்ட்ல எழுதின நூறு பேர்ல எத்தனை பேர் உங்க மார்க்குக்குச் சமமோ கீழயோ இருக்காங்கன்னு சொல்றது. என்ற பையன் 2023-ல 171 எடுத்தான், 98.7 வந்துச்சு.

கூடுதுறை_பவானி: அம்மணி, 171-க்கு 98.7-ன்னா உங்க பையனுக்கு யாரோ சும்மா தூக்கிக் கொடுத்துட்டாங்க போல. எம்பட மச்சினன் புள்ள கட்ஆப் 194.5. அதுல அரை மார்க் வருதே, அது மட்டும் எப்படி?

மஞ்சமண்டி_ஈரோடு: அது அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங் கட்ஆப்புங்க. கணக்கு 100, பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் பாதியாக்கி 50, 50. பாதியாக்கினா அரை வரும். ஜேஇஇ-ல யாரு பாதியாக்கறாங்க? 297.6-க்குப் பதில் சொல்லுங்ணா.

காங்கேயம்_காளை: கேள்வியே தப்புன்னு தூக்கிட்டா அந்தப் புள்ளி ஆறு வருமோ என்னவோ 😂

மஞ்சமண்டி_ஈரோடு: தூக்கினாலும் எல்லாருக்கும் முழுசா 4 போட்டுருவாங்க மாப்ள. புள்ளி வராது.

நாமக்கல்_ஹாஸ்டல்: பர்சன்டைல் தெரியாதவங்க நீட்டைப் பாருங்க. 2023-ல பொதுப் பிரிவுக்கு 50 பர்சன்டைல் 720-க்கு 137 மார்க்தான். கூடுதுறையார் கணக்குல 360 வரணுமே?

கூடுதுறை_பவானி: இங்க ஜேஇஇ-யப் பத்திப் பேச்சு, நீட்டை எதுக்கு இழுக்கறீங்க? உங்க ஊர்ல புள்ளைகளை முட்டைக் கோழி மாதிரி கூண்டுல அடைச்சுப் படிக்க வைக்கற கதையை முதல்ல பேசுங்க.

நாமக்கல்_ஹாஸ்டல்: கூண்டுல இருந்து வந்தவன்தான் உங்க பவானி ஆஸ்பத்திரியில ஊசி போடறான்.

கூடுதுறை_பவானி: 1999-ல தமிழ்நாட்டு இஞ்சினீரிங் நுழைவுத்தேர்வு எழுதி 200-க்கு 192 கட்ஆப் வாங்கினவன் நான். ஹாஸ்டல் இல்ல, கோச்சிங் இல்ல.

மஞ்சமண்டி_ஈரோடு: நுழைவுத்தேர்வு இருந்தப்ப கட்ஆப் 300-க்குங்ணா! பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100. 2007-ல அதை எடுத்தப்புறம்தான் இஞ்சினீரிங்குக்கு 200-க்கு வந்துச்சு. அப்ப 192-ங்கறது முன்னூத்துக்குங்களா?

காங்கேயம்_காளை: அய்யோ சாமி 🔥

கூடுதுறை_பவானி: ஞாபகத்துல சொன்னேன். போன வருசம் மஞ்சள் விலை இறங்கும்னு சொல்லி ஊரையே விக்க வச்சது யாருன்னும் ஞாபகம் இருக்குது.

மஞ்சமண்டி_ஈரோடு: விலையை அப்புறமேட்டுக்குப் பேசலாமுங்க. 297.6?

அன்னூர்_அம்மணி: யாராச்சும் என்ற பையன் மார்க்கைப் பத்தி அவர் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க.

கூடுதுறை_பவானி: கிட்டத்தட்ட 298-ன்னு வச்சுக்குங்க, போதுமா?

மஞ்சமண்டி_ஈரோடு: 298-ம் வராதுங்ணா!!