மானிட்டரை உயர்த்தியதும் கழுத்து வலி கூடிவிட்டது. ஏன்?

பிழைதிருத்தி:
வணக்கம். வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை, வயது 48. சில மாதங்களாகப் பிடரியில் ஆரம்பித்து வலது தோள் வரை ஒரே இறுக்கம். சாயங்காலம் ஆனால் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் ஓர் இடத்தில் குத்தும். யாராவது கட்டைவிரலால் அழுத்திவிட்டால் தேவலை போலிருக்கும். கை மரத்துப்போவதில்லை, தூக்கமும் கெடவில்லை.

திரை கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே என்று, மானிட்டருக்கு அடியில் இரண்டு தடித்த அகராதிகளை வைத்தேன். பிடரி வலி குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. நிமிர்ந்து உட்காரப் பார்த்தால் அரைமணியில் அலுத்துச் சரிந்துவிடுகிறேன். மாத்திரை இல்லாமல் என்ன செய்யலாம்? கழுத்துக்குச் சொடக்கு எடுத்துவிடுகிறேன் என்று வீட்டில் ஒருவர் ஆர்வமாகக் காத்திருக்கிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுங்கள்.

கத்தரிக்கோல்:
நான் தையல்காரன். எனக்கு இடுப்பு வலி. துணி வெட்டுற மேசை தாழ்வா இருந்துச்சு, நாலு காலுக்கும் கட்டை கொடுத்து முழங்கை உயரத்துக்குக் கிட்ட கொண்டுவந்தேன், பாதி வலி போச்சு. மீதிக்கு ஒரு பழக்கம் வச்சிருக்கேன். பாபின்ல நூல் தீர்ந்தா எழுந்து நின்னுதான் மாத்துவேன். உட்கார்ந்தே மாத்தலாம், வேணும்னே எழுந்திருக்கிறது. கடிகாரம் வச்சா மறந்துடுவோம், நூல் தீர்ந்தா மறக்க முடியாது. உங்களுக்கு ஒரு அத்தியாயமோ பத்துப் பக்கமோ அப்படி இருக்கும்ல?

மட்டக்கோல்:
பிசியோதெரபிஸ்ட். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒரு கேள்வி. கண்ணாடி போடுகிறீர்களா? தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியா, அதாவது புரோகிரசிவா, பைஃபோகலா?

பிழைதிருத்தி:
புரோகிரசிவ். மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கழுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மட்டக்கோல்:
நிறையவே. புரோகிரசிவ் கண்ணாடியின் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிப்பதற்கு, நடுவில் ஒரு குறுகலான பட்டைதான் கணினித் தூரத்துக்கு. திரையைக் கண்மட்டத்துக்கு ஏற்றினால் மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும், எழுத்து மங்கும். உடனே நம்மை அறியாமல் மோவாயைத் தூக்கிக் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க ஆரம்பிப்போம். எழுத்தெழுத்தாகப் பார்க்கும் வேலை வேறு உங்களுக்கு. மணிக்கணக்கில் மோவாய் தூக்கியே இருந்தால் மண்டையோட்டுக்குக் கீழே உள்ள சின்னத் தசைகள் சுருங்கியபடியே நிற்கும். நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் பக்கவாட்டில் ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

அப்படித்தான் என்றால் அகராதிகளை எடுத்துவிடுங்கள். மோவாய் மட்டமாக இருக்க, கண் மட்டும் தாழ்ந்து பார்க்கிற உயரத்துக்குத் திரையை இறக்குங்கள், திரையின் மேல்விளிம்பைக் கொஞ்சம் பின்னால் சாயுங்கள். எழுத்தையும் பெரிதாக்குங்கள். கணினித் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போடுவது இதைவிட நல்லது. கண்மட்ட விதி இந்த வகைக் கண்ணாடி போடாதவர்களுக்கு எழுதியது. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை என்பதில் எனக்குப் பழைய கோபம் உண்டு.

நிமிர்ந்தே உட்கார முடியவில்லை என்று வருத்தப்படாதீர்கள், யாராலும் முடியாது. தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோ பாரமாகிறது என்று 2014இல் ஒரு கணக்கு வந்தது, அதை வைத்து எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். கழுத்து குனிவதற்கென்றே ஆனதுதான். ஒரே நிலையில் நெடுநேரம் இருப்பதுதான் தொல்லை, நேராக இருந்தாலும் சரி. தையல்காரர் சொன்னது நான் சொல்வதைவிடத் தெளிவு. அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள், ஒரு நிமிடம் போதும்.

அந்தக் குத்துகிற இடம். மவுஸ் தூரத்தில் இருக்கிறதா? கை நாள் முழுக்க முன்னால் நீண்டே இருந்தால் தோள்பட்டை எலும்பும் முன்னால் போய்விடும், அதைப் பிடித்து நிற்கும் நடுமுதுகுத் தசை இழுபட்டுக் களைத்துப்போகும். அழுத்திவிட்டால் சுகமாக இருக்கும், மறுநாள் திரும்ப வரும், ஏனென்றால் அது வலுவில்லாமல் வலிக்கிறது. மவுஸை விசைப்பலகைக்கு ஒட்டி வையுங்கள், முழங்கை விலாவை விட்டு விலக வேண்டாம். ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இரண்டு முழங்கைகளையும் பின்னால் இழுங்கள், தோள் காதுப்பக்கம் ஏறக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள், பத்துப் பத்தாக இரண்டு மூன்று சுற்று. பிடரிக்கு, பார்வையை நேராக வைத்து மோவாயை அப்படியே பின்னுக்கு இழுத்து ஐந்து நொடி நிறுத்தி, பிறகு தளர்த்துங்கள், எட்டுப் பத்து தடவை. ஆறேழு வாரம் பொறுக்க வேண்டும், தசை அவசரப்படாது.

வெந்நீர் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம், துணி சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம். சூட்டுப் பையோடு தூங்கிவிட வேண்டாம். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால், காதுக்கும் மெத்தைக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பும் அளவுக்குத் தலையணை இருக்கட்டும். குப்புறப் படுத்தால் இரவு முழுக்கக் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே கிடக்கும்.

சொடக்கு வேண்டாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் ஒரு சத்தத்துக்காக அந்த ஆபத்து எதற்கு?

கை மரத்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, நடை தடுமாறினாலோ, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். தோள் வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது தோள் விஷயமே இல்லை, உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

நெடுவழி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லாரி ஓட்டுகிறேன், எனக்குக் கீழ்முதுகு. ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு தேய்ந்திருக்கிறது என்று போட்டிருக்கிறது. வெறும் தரையில் படுத்தால் சரியாகும் என்கிறார்கள், படுக்கட்டுமா?

மட்டக்கோல்:
அவசியமில்லை. 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து நடந்த ஆய்வு வந்தது. கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தைக்கே பலன் அதிகம். தேய்மானம் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் பார்த்தபோது, 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு அது இருந்தது, 80 வயதில் 96 சதவீதம். வண்டி ஓட்டி இறங்கிய கையோடு குனிந்து பாரம் தூக்காதீர்கள், இரண்டு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு உட்காருங்கள். காலில் பலம் குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றைக்கே மருத்துவமனை.

பிழைதிருத்தி:
புகைப்படம் எடுத்துப் பார்த்தோம். மோவாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! திரையை இறக்கிவிட்டேன், பிடரி கொஞ்சம் இளகியிருக்கிறது. நடுமுதுகு அப்படியேதான், ரப்பர் பட்டையை இன்றுதான் மாட்டியிருக்கிறேன். சொடக்குக்காரருக்கு வருத்தம். தனிக் கண்ணாடிக்காக டேப் வைத்து அளந்தேன், 62 செ.மீ. வந்தது. இதைச் சொன்னால் போதுமா?

மட்டக்கோல்:
போதும். ஆனால் கண்ணிலிருந்து திரைவரை அளந்தீர்களா, மேசை விளிம்பிலிருந்தா? பாதிப் பேர் விளிம்பிலிருந்து அளந்துகொண்டு போய்விடுகிறார்கள்.