வயிற்றுவலி என்று சொல்லும் பையன்: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா, மீன்பிடிக்கப் போன இடத்தில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். அதிலிருந்து இவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது. 'நடிக்கிறான்' என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அவன் அம்மாவிடம் கொடுத்தேன். "போன்ல என்னத்த டீச்சர் சொல்றது?" என்கிறார். அதுவும் சரிதான்.

மண்டபம், ராமநாதபுரம் வட்டாரத்தில் பிள்ளைகளிடம் நேரில் பேசும் ஆலோசகர் யாராவது இருக்கிறார்களா? இதே நிலையில் பிள்ளைகளைப் பார்த்த கடலோர ஆசிரியர்கள், வகுப்பில் என்ன செய்தீர்கள்? பையன் பெயர், பள்ளி பெயர் மட்டும் கேட்காதீர்கள், சின்ன ஊர்.