புதுப்பிப்பு: ஏழரை வேண்டாம், நாலே போதும்

போன மாதம் கேட்டிருந்தேனே, அலாஸ்காவில் காட்டுப் பாதையில் நடக்கும்போது கரடிப் பயத்துக்கு .44 மேக்னம் (வலுவான பெரிய தோட்டா) ரிவால்வர் வாங்கினால் குழல் எத்தனை அங்குலம் இருக்கலாம் என்று? பாதிப் பேர் ஏழரை என்றீர்கள். (ஏழரை என்றதுமே வயிற்றைக் கலக்கியது, அது வேறு.)

சரி, சுடுதளத்தில் ஏழரை, நாலு இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். ரூகர் சூப்பர் ரெட்ஹாக், ஏழரை அங்குலம், ஒன்றரை கிலோ. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அதிகம், அதனால் குறி பார்ப்பது சுகம். உதையும் குறைவுதான். ஆனால் இடுப்பு உறையில் போட்டு உட்கார்ந்தால் குழல் முனை நாற்காலியில் முட்டுகிறது. உருவுவதற்குள் முழங்கை தோளுக்கு மேலே போய்விடுகிறது.

அப்புறம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629, நாலு அங்குலம், கிட்டத்தட்ட 1.2 கிலோ. ஆறாவது தோட்டாவில் உள்ளங்கை எரிந்தது. குழல் குறையக் குறையத் தோட்டாவின் வேகமும் குறையும், உண்மைதான். பத்தடியில் பாய்ந்து வரும் கரடிக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? சட்டென்று கைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

நாலையே வாங்கிவிட்டேன், தடித்த ரப்பர் பிடியோடு. கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே) வழக்கம்போல் நெஞ்சுப் பட்டையில்; முதலில் எடுப்பது அதைத்தான்.