சிக்னலில் மினுக்கும் சிவப்பு ஆயில் லைட், கூடவே ஆரஞ்சு எஞ்சின் லைட்: நாளைக்கு வண்டியை எடுக்கலாமா?

கேள்வி (திருச்சி_ரோடு):
2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 94,000 கி.மீ. ஓடியிருக்கு. எஞ்சின் நல்லா சூடான பிறகு சிக்னலில் நின்னா சிவப்பு ஆயில் லைட் மினுக்குது. ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சாலோ ஏசி போட்டாலோ அணைஞ்சிடுது. டிப்ஸ்டிக்கில் ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கு. ஆரஞ்சு எஞ்சின் லைட்டும் ஒரு வாரமா எரியுது, ஆனா ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. மெக்கானிக் "சென்சார்தான் போயிருக்கும், ஓட்டுங்க"ங்கிறார். நாளைக்கு கோயம்புத்தூர் போகணும். போகலாமா?

பதில் 1 (பதினாறாம்_ஸ்பேனர்):
ஆரஞ்சை ஓரமா வைங்க. சிவப்புக்காக வண்டியை நிறுத்துங்க.

அந்த லைட் ஆயில் எவ்வளவு இருக்குன்னு காட்டுறதில்லை, ஆயில் பிரஷரைத்தான் காட்டுது. அளவு சரியா இருந்தும் எரியுதுன்னா பயம் குறையக்கூடாது, கூடணும். எஞ்சின் பிளாக்கில் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் (பார்: பிரஷரை அளக்கும் அலகு) கீழே வந்தால்தான் லைட்டைப் போடும். லைட் வந்தாச்சுன்னா பேரிங்குக்குப் போற ஆயில் ஏற்கெனவே போதாத நிலை.

ஏசி போட்டா அணையுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் முக்கியமான தடயம். ஏசி போட்டா ஐடில் ஆர்பிஎம், அதாவது வண்டி நிக்கும்போது எஞ்சின் சுத்துற வேகம், கொஞ்சம் ஏறும், பம்ப் வேகமா சுத்தும், பிரஷர் கூடும். லைட் ஆர்பிஎம்முக்கு ஏற்ப நடக்குது. தளர்ந்த ஸ்விட்சும் இப்படி ஆடலாம், அதனால ஊகிக்காம அளந்துடுங்க. ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்க. அரை மணி நேர வேலை. எஞ்சின் சூடா இருக்கும்போதுதான் அளக்கணும். குளிர்ந்த ஆயில் கெட்டியா இருக்கும், நல்ல பிரஷர் காட்டி ஏமாத்திடும். சரியான அளவு உங்க எஞ்சினோட சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பொதுக்கணக்கா சூட்டில் ஐடிலில் 0.7 பாருக்கு மேல, 3,000 ஆர்பிஎம்மில் 2 பாருக்கு மேல வரணும்.

கேஜ் நல்ல அளவு காட்டினா ஸ்விட்சை மாத்தினா போதும். குறைவா காட்டினா முதலில் ஆயில், ஃபில்டர் ரெண்டையும் மேனுவல் சொல்ற கிரேடில் மாத்தி மறுபடி அளங்க. அப்பவும் ஏறலைன்னா சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இறக்கி ஸ்டிரெய்னரில் (பம்ப் ஆயிலை உறிஞ்சுற இடத்து வலை) கசடு அடைச்சிருக்கான்னு பார்க்கணும். அடுத்தது பம்ப், கடைசியா பேரிங். கெட்டி ஆயில் ஊத்தி லைட்டை அணைக்கிறது செகண்ட் ஹேண்ட் காரை விக்கிறவங்க வேலை. நீங்க செய்யாதீங்க.

பதில் 2 (மீட்டர்_போர்டு):
எஞ்சின் லைட் நிலையா எரிஞ்சா அவசரம் இல்லை. கண் சிமிட்டுற மாதிரி விட்டு விட்டு எரிஞ்சா மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியா எரியலை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள்ள (புகையைச் சுத்தம் பண்ற பாகம்) எரியும், அது உருகிடும். அந்த மாதிரி வந்தா மிதிக்காம ஓரங்கட்டணும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி) மாட்டினா போனிலேயே கோளாறு கோடு (code) தெரியும். பி0301 முதல் பி0304 வரை வந்தா எந்த சிலிண்டர்னு கடைசி எண் சொல்லிடும்; அந்த சிலிண்டரோட இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் தர்ற பாகம்) இன்னொன்றோட மாத்திப் போடுங்க, கோடும் கூடவே நகர்ந்தா காயில்தான் கெட்டுப்போச்சு. பி0171 வந்தா பெட்ரோலை விட காற்று அதிகமா போகுதுன்னு அர்த்தம்; காற்று கசிவு, மேஃப் அல்லது மேப் சென்சார் (உள்ளே போற காற்றை அளக்கிறவை), பெட்ரோல் பிரஷர்னு தேடணும்.

கோடு படிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி டெர்மினலைக் கழற்ற விடாதீங்க. லைட் அணையும், கூடவே கோளாறு வந்த நேரத்து ஆர்பிஎம், சூடு எல்லாப் பதிவும் அழிஞ்சிடும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

திருச்சி_ரோடு:
நன்றி. பயணத்தைத் தள்ளி வெச்சாச்சு. ஓடிக்கிட்டிருக்கும்போது சிவப்பு நிலையா எரிஞ்சா என்ன செய்யணும்?

பதில் 3 (பதினாறாம்_ஸ்பேனர்):
ஓரங்கட்டின உடனே எஞ்சினை அணைங்க. ஐடிலில் விட்டுட்டு போன் பண்ணக்கூடாது. சமதளத்தில் பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாருங்க. கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தா கால் கால் லிட்டரா ஊத்தி அளந்துக்கோங்க. பல சின்ன கார்களில் ரெண்டு கோட்டுக்கும் இடையே ஒரு லிட்டர் அளவுதான். ஸ்டார்ட் பண்ணி சில நொடிக்குள்ள லைட் அணையலைன்னா, இல்ல அளவு முதல்லயே சரியா இருந்தா, மறுபடி சாவியைத் திருப்பாதீங்க. டோ வண்டிதான்.

பதில் 4 (மீட்டர்_போர்டு):
இன்னொண்ணு. சாவியை ஆன் பண்ணினதும் ஆயில், எஞ்சின், பேட்டரி, ஏர்பேக் லைட் எல்லாம் எரியணும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் அணையணும்; ஏர்பேக் லைட் மட்டும் சில நொடியில் தானாவே அணையும். ஆயில் லைட் ஆன்லயே எரியலைன்னா பல்போ வயரோ போயிருக்கு, இல்ல யாரோ பிடுங்கியிருக்காங்க. சர்வீஸ் முடிஞ்சு வண்டியை எடுக்கும்போது முதல்ல அதைப் பாருங்க.