நவீன வெஸ்டர்ன் படங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

மஞ்சக்குப்பம், கடலூர்:
ஓடிடியில் துப்பாக்கிச் சண்டையை மட்டுமே நம்பும் குற்றப் படங்கள் சலித்துவிட்ட நிலையில், குற்றத்தின் காரணத்தையும் அந்த மண்ணையும் காட்டும் நவீன வெஸ்டர்ன் படம் (அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்ட படவகை) எதையேனும் பரிந்துரைக்க இயலுமா?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
2016இல் வெளிவந்த ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ பாருங்கள், நண்பரே. தாயின் பண்ணையை வங்கி ஜப்தி செய்யுமுன் மீட்பதற்காக, அதே வங்கியின் கிளைகளில் கொள்ளையடிக்கும் அண்ணனும் தம்பியும், தடம் பிடிக்க ஏதுவான நோட்டுக் கட்டுகளைத் தொடாமல் உதிரி நோட்டுகளை மட்டும் எடுக்கிறார்கள். அந்த ஒரு செய்கையிலேயே அவர்களுடைய திட்டத்தின் நிதானம் புரிந்துவிடுகிறது. கடன் நோட்டீஸ் வந்த வீட்டின் நிலையை நம் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெல்லிக்குப்பம்:
வழிமொழிகிறேன். ஆயினும் ‘விண்ட் ரிவர்’ (2017) இன்னும் ஆழமானது என்பேன். அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் பனியில் வெறுங்காலுடன் ஓடிய பெண்ணின் நுரையீரல் கடுங்குளிரால் சிதைந்திருப்பதால், மருத்துவரால் அதைக் கொலை என்று பதிய இயலாமல், விசாரணையே ஆட்டம் காண்கிறது.

திருப்பாதிரிப்புலியூர்:
இரண்டுக்கும் திரைக்கதை டெய்லர் ஷெரிடனே. டப்பிங் கிடைத்தாலும் மூலமொழியிலேயே பாருங்கள்.