டர்போ லாரி இன்ஜின்: ரிங், பேரிங் மட்டும் மாத்தினா போதுமா?

லோடுவண்டி:
வணக்கம். 6 சிலிண்டர் இன்லைன் டீசல். டர்போவும் இன்டர்கூலரும் உண்டு, பம்ப் மெக்கானிக்கல், வெட் லைனர் (சுத்தி தண்ணி நிக்கிற, கழட்டி மாத்துற சிலிண்டர் குழல்), போர் (சிலிண்டர் உள்விட்டம்) 100 மி.மீ.க்குப் பக்கம். லோடு ஏத்தினா நீலப் புகை. பிரீதர்லயும் (இன்ஜின் உள்காத்து வெளிய வர குழாய்) புகை தள்ளுது. 500 கி.மீ.க்கு 1 லிட்டர் ஆயில் குடிக்குது. சூடான பிறகு ஐடிலிங்ல ஆயில் பிரஷர் 0.8 பார்தான். தண்ணி குறையல. சூட்டுல எடுத்த கம்ப்ரஷன் 1ல இருந்து வரிசையா: 25, 24, 25, 18, 24, 25 பார். இன்டர்கூலர் ஹோஸ்ல ஆயில் இருக்கு.

கையில இருக்கிற காசுக்கு ரிங் செட், பேரிங் செட், ஹெட் கேஸ்கெட், டர்போவுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் (ஷாஃப்ட், வீல், பேரிங் சேர்ந்த நடுப்பகுதி), இவ்வளவுதான் முடியும். இது போதுமா? எதை அப்படியே விடலாம், எதை விடவே கூடாது?

ஸ்பேனர்32:
முதல்ல பார்ட்ஸ் வாங்குறதை நிறுத்தி வைங்க. அஞ்சு சிலிண்டர் 24, 25 காட்டும்போது 4வது மட்டும் 18னா, அது மொத்தமா தேஞ்ச இன்ஜின் இல்ல. அந்த ஒண்ணுல ஏதோ நடந்திருக்கு. அது என்னன்னு தெரியாம ரிங் போட்டா புது ரிங்குக்கும் அதே கதிதான்.

ஹெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு சோதனை பண்ணுங்க. ஏர் பிரேக் கம்ப்ரசர் ரிங் தேஞ்சாலும் காத்து கிராங்க் கேஸுக்குள்ளதான் (கிராங்க் சுத்துற அடிக்கூடு) வரும். டேங்க் காலியா இருந்து கம்ப்ரசர் காத்து ஏத்தும்போது பிரீதரைப் பாருங்க, நிறைஞ்சு கட்-ஆஃப் ஆனதும் (கம்ப்ரசர் காத்து ஏத்துறதை நிறுத்தினதும்) திரும்பப் பாருங்க. கட்-ஆஃப்ல புகை நல்லா குறைஞ்சா குற்றவாளி கம்ப்ரசர். அடுத்தது டர்போ ஆயில் டிரெயின்: பைப்பைக் கழட்டி ஒரு டப்பாவுக்குள்ள விட்டு, பிளாக் பக்க ஓட்டையை அடைச்சுட்டு கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுங்க. பிரீதர் அடங்கினா டர்போ சீல் வழியா கேஸ் வருது.

மூணாவது, 4வது பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் உச்சிக்குக் கொண்டுவந்து நாசில் (டீசல் தெளிக்கிற முனை) ஓட்டை வழியா காத்து விடுங்க. ஆயில் ஊத்துற வாயில சத்தம் வந்தா ரிங் அல்லது லைனர், சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தா இன்லெட் வால்வு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட் அல்லது ஹெட் கிராக். பிஸ்டன் சரியா உச்சியில நிக்கலேன்னா காத்து கிராங்க்கைச் சுத்திவிடும். கிராங்க் போல்ட்ல ஸ்பேனரை மாட்டி வச்சுட்டு காத்து திறக்காதீங்க, கை போயிடும்.

லோடுவண்டி:
நன்றி அண்ணே. கம்ப்ரசர் கட்-ஆஃப்லயும் டர்போ டிரெயின் கழட்டியும் பிரீதர்ல மாற்றமே இல்ல. 4க்கு காத்து விட்டா ஆயில் வாயில நல்ல சத்தம், சைலன்சர்ல லேசா. அதனால ஹெட், சம்ப் (அடியில இருக்கிற ஆயில் தொட்டி) ரெண்டையும் இறக்கியாச்சு.

4வது லைனர்ல ஒரு பக்கம் நெடுகக் கீறல், மேல் பகுதி தேய்மானம் 0.14 மி.மீ. மத்த அஞ்சும் 0.05, 0.06. 4வது ராடு ஜர்னல்ல (கிராங்க்ல ராடு உட்கார்ற இடம்) கீறல்ல நகம் மாட்டுது, ஷெல்லுல (பேரிங் தகடு) செம்பு தெரியுது. மெயின் ஜர்னல் (கிராங்க் பிளாக்ல உட்கார்ற இடம்) எல்லாம் வழவழன்னு இருக்கு. டர்போ கம்ப்ரசர் வீல்ல இறக்கை முனை மழுங்கியிருக்கு. ஏர் ஃபில்டர்ல இருந்து டர்போவுக்கு வர ஹோஸ்ல கிளாம்ப் அடியில வெடிப்பு.

கிராங்க்கேஸ்:
வெடிச்ச அந்த ஹோஸ்தான் பாதிக் கதை. தூசி உள்ள போயிருக்கு. இறக்கை முனையைத் தேய்க்கிறதும் அதுதான், லைனர் மேல் பகுதியைத் தின்னதும் அதுதான். ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் உட்கார்ற ரப்பர் இதையெல்லாம் முதல்ல மாத்துங்க. மொத்த வேலையில இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. ஆனா தூசி ஆறு சிலிண்டருக்கும்தான் போயிருக்கும். 4 மட்டும் ஏன் கீறியிருக்குன்னு தனியா தேடணும்.

என் கணக்குல 4க்கு மட்டும் புது லைனர், பிஸ்டன். மத்த அஞ்சுக்கு ரிங். மேனுவல்ல தேய்மான எல்லை எவ்வளவுன்னு பாருங்க, 0.10 அனுமதிக்கிற இன்ஜின்னா 0.06 தாராளமா ஓடும். போர் கேஜ் சொல்றதை இன்னொரு தடவை சரிபார்க்கணும்னா புது ரிங் ஒண்ணை லைனருக்குள்ள வச்சு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு தள்ளி நேராக்குங்க. தேயாத அடிப்பகுதியில ரிங் முனை ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கேப் அளங்க, மேல தேஞ்ச இடத்துலயும் அளங்க. வித்தியாசத்தை 3.14ஆல வகுத்தா விட்டத் தேய்மானம். 0.06 தேஞ்சிருந்தா கேப் 0.19 கூடும். இந்த அளவு போருக்கு மேல் ரிங் கேப் 0.40 பக்கம் இருக்கணும். குறைவா இருந்தா சூட்டுல முனை ரெண்டும் முட்டி லைனரைக் கீறிடும்.

பழைய லைனர்ல மேல் ரிங் நிக்கிற உச்சியில ஒரு விளிம்பு கை விரலுக்குத் தட்டும். அதை எடுக்காம புது ரிங் போட்டா முதல் ரிங் அதுல இடிச்சு உடையும். அப்புறம் ஹோன் பண்ணி (உரசு கல்லால லேசா தேச்சு) கிராஸ் கோடு கொண்டுவாங்க. கண்ணாடி மாதிரி மின்னுற போர்ல ரிங் எந்தக் காலத்துலயும் உட்காராது.

ஸ்பேனர்32:
ஒரு சின்ன மறுப்பு. பிஸ்டன்ல மேல் ரிங் உட்கார்ற காடி தேஞ்சிருந்தா போர் நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல. தூசி தின்ன இன்ஜின்ல காடிதான் முதல்ல போகும். அஞ்சுலயும் புது ரிங்கை வச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க, எல்லை தாண்டினது எதுவோ அந்த பிஸ்டனையும் மாத்திடுங்க. புது பிஸ்டனோட எடை பழசுக்குச் சமமா இருக்கணும்.

லைனர் மாத்தும்போது அஞ்சையும் வெளிய எடுக்கிறதுதான் நல்லது. தண்ணி படுற வெளிப்பக்கத்துல ஊசி குத்தின மாதிரி குழிங்க இருக்கும், ஆழமா இருந்தா லைனர் முடிஞ்சுது. ஓ-ரிங் போடாம லைனரை உட்காரவச்சு அழுத்திப் பிடிச்சு, பிளாக் மட்டத்துக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு டயல் கேஜ்ல நாலு இடத்துல எடுங்க. மேனுவல் அளவுக்குக் கீழ போனாலோ பக்கத்து லைனரோட சமமா இல்லேன்னாலோ கேஸ்கெட் போகும்; ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டு ஏத்தலாம். சம்ப் மூடுறதுக்கு முன்னாடி லைனரைச் சுத்தி இருக்கிற ஜாக்கெட்டுல தண்ணி நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க.

டர்போச்சத்தம்:
டர்போ பத்தி. ஹோஸ்ல ஆயில் படலம் இருந்தாலே சீல் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. கிராங்க் கேஸ்ல பிரஷர் ஏறினா டிரெயின் இறங்காம டர்போ ஆயில் கக்கும். ஷாஃப்டை பக்கவாட்டுல ஆட்டினா கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்னும் பின்னும் இழுத்தா டயல் கேஜ்ல 0.10 மி.மீ. தாண்டக் கூடாது, வீல் ஹவுசிங்கைத் தொட்ட தழும்பு இருக்கக் கூடாது. உங்க வண்டியில முனை மழுங்கிட்டதால வீல் மாத்தியே ஆகணும். கார்ட்ரிட்ஜ் வாங்கினா பேலன்ஸ் பண்ணதா வாங்குங்க. ஆயில் வர பைப்பை உள்ள கரி பிடிச்சிருந்தா மாத்திடுங்க. டிரெயின் பக்கம் சிலிகான் பேஸ்ட் தடவாதீங்க, உள்ள பிதுங்கி வழியை அடைக்கும்.

கிராங்க்கேஸ்:
நகம் மாட்டுற ஜர்னலுக்கு புது ஷெல் போட்டா சீக்கிரமே பழையபடி செம்பு தெரியும். கிராங்க்கை கிரைண்டிங் குடுங்க: ராடு ஜர்னல் ஆறையும் 0.25 மி.மீ. அண்டர் சைஸ் (அந்த அளவு சின்னதா தேச்சு, அதுக்கேத்த ஷெல்). மெயின் அளவுல இருந்தா பாலிஷ் போதும். கிரைண்டிங்குக்கு முன்னாடி கிராக் டெஸ்ட். ஜர்னலோட ஓரத்துல இருக்கிற வளைவு அப்படியே இருக்கணும். மூலை கூரா வந்தா அங்கதான் கிராங்க் ஒடியும். நைட்ரைட் பண்ண (மேல்தோலை நைட்ரஜன்ல கெட்டிப்படுத்தின) கிராங்க்னா கிரைண்டிங்ல அந்த மெல்லிய தோல் போயிடும், திரும்ப நைட்ரைட் பண்ணணும். 4வது ராடையும் வளைவு, முறுக்கு பார்த்துட்டு போடுங்க.

காசு மிச்சம் பிடிக்கிறவங்க எல்லாரும் சறுக்குற இடம் ஆயில் கூலர். ஷெல் பொடி அதுக்குள்ளயும் போய் ஒளிஞ்சிருக்கும். கழுவி முழுசா வெளிய எடுக்க முடியாத வகைன்னா மாத்திடுங்க. பிளாக், கிராங்க் ரெண்டுலயும் கேலரி (ஆயில் ஓடுற உள்வழி) பிளக்கைக் கழட்டி பிரஷ் விட்டுத் தேய்ங்க. காத்து மட்டும் அடிச்சா அழுக்கு இடம் மாறுமே தவிர வெளிய வராது.

ஹெட்ல 4வது எக்ஸாஸ்ட் வால்வு சீட் கட்டிங், கைடு தேய்மானம், கிராக் டெஸ்ட். ஹெட் அடிப்பக்கத்தைத் தேச்சு லெவல் போட்டா வால்வு ஆழமும் நாசில் முனை நீட்டமும் மாறும், திரும்ப அளங்க. ஹெட் போல்ட் நீளத்தை அளந்து பாருங்க, நீண்டது வேண்டாம். அடி மூடின போல்ட் ஓட்டையில ஆயில் தேங்கி இருந்தா இறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும். கேம், ராக்கர், தேய்மானம் இல்லாத டேப்பெட் எல்லாம் எடுத்த இடத்துலயே திரும்பப் போடுங்க. அதுக்குக் காசு வேண்டாம்.

லோடுவண்டி:
கிராங்க்கை அனுப்பியாச்சு. 4 மட்டும் ஏன்னு தேடினப்போ ரெண்டு விஷயம் கிடைச்சுது. 4வது நாசில் டெஸ்டர்ல சொட்டுது. பிஸ்டனுக்கு அடியில ஆயில் அடிக்கிற சின்ன ஜெட் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு. நிமிர்த்திப் போடலாமா?

ஸ்பேனர்32:
நிமிர்த்தாதீங்க, மாத்துங்க. அந்த ஜெட் பிஸ்டன் அடியில குறிப்பிட்ட இடத்துல அடிக்கணும். ஓட்டைக்குள்ள மெல்லிய நேர் கம்பி விட்டா அது எங்க குறி வைக்குதுன்னு தெரியும், மத்த அஞ்சோட ஒப்பிடுங்க. பழைய பிஸ்டனை இறக்கி ஏத்தும்போது ராடு இடிச்சிருக்கும். டர்போ இன்ஜின்ல அந்த ஆயில் இல்லாம பிஸ்டன் வீங்கும். சொட்டுற நாசில் லைனர்ல இருக்கிற ஆயிலைக் கழுவிடும். ரெண்டும் சேர்ந்தா இந்தக் கீறல்தான். ஆறு நாசிலையும் டெஸ்ட் பண்ணிட்டு ஏத்துங்க, ராடு இறக்கும்போது போல்ட்ல ரப்பர் ஹோஸ் மாட்டிக்கோங்க.

டர்போச்சத்தம்:
ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்டர்கூலரைக் கழட்டிக் கழுவி முழுசா வடிச்சுருங்க. தேங்கின ஆயிலை இன்ஜின் இழுத்துட்டா டீசலை நிறுத்தினாலும் நிக்காது, ஓடிக்கிட்டே ஏறும். இன்லெட் வாயை மூடுற மாதிரி ஒரு பலகையை பக்கத்துலயே வையுங்க. துணி வேண்டாம், உள்ள இழுத்துக்கும். கையை வைக்கவே வைக்காதீங்க. டர்போ ஆயில் வாயில ஆயில் ஊத்தி ஷாஃப்டை விரலால சுத்திவிட்டு, டீசல் கட் பண்ணி ஆயில் பிரஷர் காட்டுற வரைக்கும் 10 விநாடி, 10 விநாடியா செல்ஃப் அடிங்க. கிளம்பின பிறகு மணிக்கணக்கா ஐடிலிங்ல விடாதீங்க. லீக் பார்த்துட்டு மிதமான லோடுல மேடு ஏத்துங்க. அந்த கேஸ் பிரஷர்தான் ரிங்கை லைனரோட அழுத்திப் படியவைக்கும். முதல் ஆயிலை 1,000 கி.மீ.க்குள்ள வடிச்சு ஃபில்டரை அறுத்துப் பாருங்க.