மறு: 'ரவுட்டர்' கணுவுக்கு எது சொல்: திசைவியா, மடைமாற்றியா?

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள்களுக்கு இடையே செய்தி போகும் வழியைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் வரையும் நம் வரைபலகைக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் பேச்சின் தொடர்ச்சி இது.

'வொர்க்ஃப்ளோ'வுக்குப் 'பாய்வு' போதும் என்று போன வாரமே முடிவாகிவிட்டது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகிறது, நடுவில் பணி செய்ய ஆள் இல்லை. ஆகவே 'பணிப்பாய்வு' வேண்டாம். வரைபலகையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு 'நோட்'. அதற்குக் கணு, அதிலும் சிக்கல் இல்லை. இழுபறி எல்லாம், வரும் செய்தியை நிபந்தனை பார்த்து உரிய வழியில் அனுப்பும் இந்த 'ரவுட்டர்' கணுவில்தான்.

> திசைவி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல். புதிதாக எதற்கு?

நல்ல சொல்தான். ஆனால் அது வலையமைப்புப் பெட்டிக்கு ஊன்றிவிட்டது. போன சனிக்கிழமை மதுரை மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கும் என் மாமாவிடம் நம் வரைபலகையைத் திறந்து காட்டினேன். ஆர்டர் ஒரு கணுவில் நுழைகிறது. உள்ளூர் என்றால் டெலிவரி செய்யும் பையனின் வாட்ஸப்புக்கு, வெளியூர் என்றால் பார்சல் பதிவேட்டுக்கு, இரண்டும் இல்லையென்றால் மாமாவின் கைபேசிக்கு. நடுக் கணுவில் 'திசைவி' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "இது வைஃபை பெட்டியா மாப்ளே?" என்றார். அங்கேயே பெயரை 'மடைமாற்றி' என்று மாற்றினேன். "அப்ப வெளியூர்ப் பூவுக்கு இந்தக் கால்ல போகும்" என்று இரண்டாவது கோட்டின் மேல் விரலை வைத்தார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்தது மேலூர்ப் பக்கம். மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டும் அடைத்தும் பழகிய கை.

> 'நிதியை மடைமாற்றினார்கள்' என்று முறைகேட்டுக்குத்தான் செய்தித்தாளில் எழுதுகிறார்கள். கெட்ட வாடை அடிக்கிறது.

அது பத்திரிகைக்காரர்கள் பிற்பாடு கொடுத்த பொருள். மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, அந்தத் தண்ணீரை 1895-இல் கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வைகையில் உள்ள பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் விளைவதும், அதற்குக் கீழே மேலூர் வரை ஒருபோகம் விளைவதும் அந்தத் தண்ணீரில்தான். மடைமாற்றிப் பிழைத்த நாட்டுக்கு அந்தச் சொல் கெட்டதாக இருக்க முடியாது.

> மடைமாற்றினால் ஒன்று அடைபட்டு ஒன்று திறக்க வேண்டும். இதே மாதிரி வரைபலகை உள்ள நோட்-ரெட் மென்பொருளில் ஒரே செய்தி இரண்டு பக்கமும் போகிறதே?

இதுதான் சரியான கேள்வி. கேட்ட அண்ணனுக்கு நன்றி. நேற்று இரவு முழுக்க இதையே சோதித்துக்கொண்டிருந்தேன். ஐபிஎம்மில் தொடங்கி 2013-இல் திறமூலமாக வெளிவந்த நோட்-ரெட்டில் 'ஸ்விட்ச்' கணுவைத் திறந்தால், விதிகளுக்குக் கீழே ஒரு தெரிவு இருக்கும்: எல்லா விதிகளையும் பார்ப்பதா, முதலில் பொருந்தியதோடு நிறுத்துவதா. நாம் கை வைக்காதவரை அது எல்லா விதிகளையும் பார்க்கும். ஆகவே உள்ளூர் ஆர்டர், ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று இரண்டு விதியும் பொருந்தினால் செய்தி இரண்டு கம்பியிலும் போகும். அங்கே 'மடைமாற்றி' பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாம் கட்டுவது அப்பாச்சி கேமல் என்ற திறமூல மென்பொருள் மேல். அதில் இந்த வேலையைச் செய்யும் 'சாய்ஸ்' வேறு மாதிரி. 'வென்' நிபந்தனைகளை மேலிருந்து கீழே வரிசையாகப் பார்க்கும். முதலில் எது உண்மையோ அந்த வழியில் மட்டும் செய்தி போகும். அடுத்ததும் உண்மையாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. எதுவுமே பொருந்தாவிட்டால் 'அதர்வைஸ்' வழி. ஒரு மடை திறந்தால் மற்றவை அடைபடுகின்றன. இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. (பின்னால் சேமிக்கும் யாமல் கோப்பில் 'சாய்ஸ்' என்றே இருக்கும். நாம் மாற்றுவது திரையில் தெரியும் பெயரை மட்டும்.)

அப்புறம், ஒரே செய்தியைப் பல வழிகளுக்கும் அனுப்பும் 'மல்டிகாஸ்ட்'டுக்குப் 'பன்மடை' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வேண்டாம். இரண்டு மடையைத் திறந்தால் தண்ணீர் பங்காகும்; இங்கே பங்காவதில்லை, ஒவ்வொரு வழிக்கும் முழுச் செய்தியும் போகிறது. 'நகல்' என்பது உள்ளே வந்தாக வேண்டும். 'நகல்பரப்பி' என் முன்மொழிவு.

'டெட் லெட்டர் சேனல்' என்பதற்குக் 'கலுங்கு' என்பதையும் ஏற்க மனம் வரவில்லை. கலுங்கு வழியே போவது கண்மாய் நிறைந்து மிஞ்சிய நல்ல தண்ணீர். அடுத்த கண்மாய்க்கு அது வரத்து. இங்கே போவது, திரும்பத் திரும்ப அனுப்பியும் சேராத செய்தி. 'சேராச்செய்தித் தடம்' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

'ரவுண்ட் ராபின்'னுக்கு மட்டும் கண் மூடிக்கொண்டு வயலுக்குப் போகலாம். இவருக்கு ஒரு தரம், அவருக்கு ஒரு தரம் என்று வரிசையாக விடுவதை இந்தப் பக்கம் முறை வைப்பது என்கிறோம். முறைப்பாசனம் என்று நீர்வளத்துறை அறிவிப்பிலேயே வரும். ஆகவே 'முறைப்பங்கீடு'.

மடைமாற்றி, நகல்பரப்பி, சேராச்செய்தித் தடம், முறைப்பங்கீடு நான்கையும் மொழிக்கோப்பில் தனிக் கிளையாக ஏற்றியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அந்தந்த வரியிலேயே எழுதுங்கள். 'அக்ரிகேட்டர்' இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. தனித்தனியாக வரும் செய்திகளைக் காத்திருந்து ஒன்றாக்கி அனுப்பும் கணு அது. பூவைச் சேர்த்துக் கட்டுகிறவர்களிடம் கேட்டுவிட்டு நாளை எழுதுகிறேன்.